பூலோகம் மாமா சொன்ன ஐந்தாம் பாகம்

தாராவி,
6.1.2024

அன்பு மருமகன் மாரீஸ்வரனுக்கு மாமா பூலோகம் எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறைவில்லை. அங்கே உனக்குச் சளி, இருமல் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியைக் கேட்கிறேன்.

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீ டெம்போ வாங்கிவந்து தொண்ணூறு அடி ரோட்டில் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கினாயே, அன்றைக்கே சொன்னேன். முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறாமல் பக்கத்தில் நழுவிப் போனது. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இந்த வண்டி ஒரு நாள் போலீஸ் வாசல்ல நிக்கும்டே" என்றேன். கொட்டுச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது.

ஐரோலி குடோனில் களவு போன செம்புச் சுருள் உன் டெம்போவில் இருந்தது என்று உன்னைப் பிடித்துக்கொண்டு போன அரை மணி நேரத்தில் நான் ஸ்டேஷனில் நின்றேன். பெரிய அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார். மராட்டியிலேயே கால் மணி நேரம் பேசினேன். "உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கும்போது பையனுக்கு என்ன பயம்?" என்று கேட்டார். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அதனால் விடவில்லை.

ஜெயிலில் இருந்து போன் போட என் நம்பரைக் கொடுத்தாயாம். அந்த சிம் என் பழைய சேட் பேரில் இருக்கிறது. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். உன்னைப் பார்க்க முலாக்காத்துக்கு வந்த அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ வாயசைத்தது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மா அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாள். இனி அவளை அங்கே கூட்டிப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். ஆகவே கடிதம்தான் நமக்குச் சரி. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன் என்றாலும் எழுத்தில் என்னை மிஞ்ச நம் சால் குடியிருப்பில் ஆள் கிடையாது. உன் கடிதங்களை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன், வேண்டிய விளக்கத்தோடு.

தைரியமாக இரு. வெளியே நான் இருக்கிறேன்.

மாமா பூலோகம்

*

29.1.2024

அன்புள்ள மாமாவுக்கு மாரீஸ்வரன் எழுதுவது. சளி இருந்தது, போய்விட்டது. அம்மா சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாளா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கடிதம் பதினெட்டு நாள் கழித்துக் கைக்கு வந்தது. இங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி இல்லை. கடிதம் வந்தால் செம்பூர்க்காரர் நயினார் அண்ணனைக் கூப்பிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். அவரும் என்னைப்போல் உள்ளே இருப்பவர்தான். எது வந்தாலும் "சப் டீக் ஹை சாப்", எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். உங்கள் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "ஒங்க மாமா அவ்வளவு பெரிய ஆளாடே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பொழுது போக ஒரு வழி கிடைத்திருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து யாரோ கொடுத்த தமிழ்ப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. அதில் 'கருங்குகைத் தோழர்கள்' என்று ஒரு தொடர், நாலு பாகம். செங்கோடன், வல்லி, மொட்டைக் கிழவன், நீலன் என்று நாலு பேர் டிராகனைக் கொல்லப் போகிறார்கள். அதன் மூச்சுப் பட்டால் கல்லே உருகும். ஒரே ஒரு கேடயம்தான் அந்த நெருப்பைத் தாங்கும். அதைச் சுமப்பவன் நீலன். நாலாம் பாகத்தின் கடைசியில் செங்கோடன் குகைக்குள் மாட்டிக்கொள்கிறான். நீலன் கேடயத்தோடு எங்கேயோ போய்விடுகிறான். அதோடு முடிகிறது. ஐந்தாம் பாகம் பெட்டியில் இல்லை.

நான் எழுத்துக்கூட்டி வாசித்து, இந்தியில் சொல்வேன். பாரக்கில் இருபது பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். நீலன் தோக்கேபாஸ், துரோகி, அவனை முதலில் கொல்ல வேண்டும் என்று பாதிப் பேர் கத்துகிறார்கள். நயினார் அண்ணன் மட்டும், "செங்கோடன் மாட்டிக்கிட்ட சேதி அவனுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையான்னே தெரியாது. அதுக்குள்ள ஏசாதிய" என்கிறார்.

மாட்டுங்காவிலோ தாதரிலோ ஐந்தாம் பாகம் கிடைக்குமா மாமா? நீலன் திரும்பி வந்தானா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மாரி

*

தாராவி,
24.2.2024

உயிரான மருமகனுக்கு, மாமாவின் ஆசீர்வாதம். உன் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. எனக்கு முழங்கால்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி இருபது வயதுப் பையன் மாதிரி இருக்கிறேன். உனக்குப் பசிக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா?

உன் புத்தகம் என் கையில். தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே பழைய புத்தகக்காரனிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. அதே நேரத்தில் ஒரு காலேஜ் புரொபசரும் கையை வைத்தார். புத்தகத்தின் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். "சார், என் மருமவனுக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். அதை உள்ளே அனுப்ப ஆயிரம் அனுமதி வேண்டுமாம். ஆகவே நான் வாசித்து எழுதுகிறேன். நீ உன் ஜனங்களுக்குச் சொல்லு.

ஐந்தாம் பாகம், முதல் அத்தியாயம். செங்கோடன் இருட்டில் தடவிக்கொண்டு போகிறான். மேலே இரண்டு கண். டிராகன் வாயைத் திறக்கிறது. நெருப்பு வரும் என்று பார்த்தால் பேச்சு வருகிறது.

"ஏலே, நீ எந்த ஊருடே?"

செங்கோடன் பாறையோடு ஒட்டிக்கொள்கிறான். "தெக்க."

"தெக்கன்னா?"

"அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம்."

"அட, நம்ம பக்கம்லா! சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை என்கிறான் செங்கோடன். "நானும்தாம்ல சாப்பிடல" என்கிறது டிராகன். அங்கே முதல் அத்தியாயம் முடிகிறது. எப்படி? இந்த ஆசிரியர் எமகாதகன்.

நீலன் வருவானா என்று கேட்டாய். அவசரப்படாதே. இன்னும் பதினோரு அத்தியாயம் இருக்கிறது.

மாமா பூலோகம்

*

18.3.2024

அன்புள்ள மாமாவுக்கு. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு அம்மாவிடம் நொச்சி போட்டு ஒற்றடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அத்தியாயத்தைக் கேட்டு பாரக்கில் சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆனது. இப்போது யார் யாரைப் பார்த்தாலும், எந்த ஊருடே என்பதை இந்தியில் "காவ் கௌன்சா ரே?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். மாமா, புத்தகம் உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். நாலு பாகத்திலும் அந்த டிராகன் ஒரு வார்த்தை பேசவில்லை. பரவாயில்லை. கதைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உப்பு, காரம் சேருங்கள்.

இனி எழுதப்போவது கதை இல்லை. அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

அன்றைக்கு வண்டி என்னிடம் இல்லை. காலையில் சேசுராஜ் சாவியை வாங்கிப் போனான். நான் செம்பூரில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு காண்டிராக்டர் ஐரோலியில் அவனைச் சரக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறான். இறக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. சாயங்காலம் சரக்கோடு வண்டியைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு, அந்தக் காண்டிராக்டரைத் தேடிப் போனான். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அவன் பயந்து ஓடிவிட்டான். களவுச் சரக்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் வண்டியில் ஏற்றுகிற ஆள் இல்லை அவன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

எனக்கு இலவசமாக வாதாடும் வக்கீல் சுஷ்மா மேடம் சொல்வது இதுதான். என் தரப்புச் சாட்சிக்கு ஜூன் பதினாலாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்று சேசு தானாகவே கோர்ட்டுக்கு வந்து அந்தக் காண்டிராக்டர் பேரைச் சொன்னால் இரண்டு பேரும் தப்பிக்க வழி இருக்கிறது. நானாக அவன் பேரைச் சொன்னால், போலீஸ் அவனைத் தேடிப் பிடித்துக் குற்றவாளியாக நிறுத்தும். அவனும் வராமல் நானும் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தண்டனை நிச்சயம். அவன் மனைவி ஜெனிக்கு இது எட்டாம் மாதம். நான் எப்படி மாமா அவன் பேரைச் சொல்வேன்? அவனாக வர வேண்டும்.

அவன் உல்லாஸ்நகரில் ஒரு ஜீன்ஸ் பட்டறையில் இருக்கிறானாம். ஜாமீனில் போய்த் திரும்பி வந்த ஒருவன் சொன்னான். போனை அணைத்துவிட்டான். விலாசம் அவன் மாமியார் ஏஞ்சலம்மாளிடம் இருக்கும். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள். நேரில் போய் அவனிடம் தேதியைச் சொல்லுங்கள். வருவானா, மாட்டானா என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னானோ அதை அப்படியே எழுதுங்கள். இதில் மட்டும் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள் மாமா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மாரி

*

தாராவி,
9.4.2024

அன்பு மருமகனுக்கு. நாங்கள் இருவரும் சுகம். வெயில் ஏறிவிட்டது, அங்கே விசிறி ஓடுகிறதா?

உல்லாஸ்நகர் எங்கே ஓடிப்போகிறது? போகிறேன். இங்கே பட்டறையில் ஆயிரம் பெல்ட் அவசர ஆர்டர். நான் ஒரு நாள் இல்லாவிட்டால் சேட்டுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "பூலோகம்ஜி, நீங்க போனா துபாய் கப்பல் நின்னுரும்" என்கிறான். ஏஞ்சலம்மாளிடம் விலாசம் வாங்கிவிட்டேன். என்னைக் கண்டதும் அந்த அம்மாள் கதவைப் பாதி சாத்தினாள். பத்து வார்த்தை பேசினேன், முழுக்கத் திறந்துவிட்டாள்.

நீ சேசுவைப் பற்றி எழுதியதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அவன் அன்றைக்கு நடந்து போன நடையிலேயே தெரிந்தது.

இரண்டாம் அத்தியாயத்தில் வல்லி அம்பு விடுகிறாள். அம்பு டிராகனின் மூக்கில் நுழைகிறது. அது தும்முகிறது. தும்மலில் மொட்டைக் கிழவன் ஏழு மலைக்கு அந்தப் பக்கம் போய், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் விழுகிறான். விழுந்தவன் இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாயசம் வரட்டும்" என்கிறான்.

மாமா பூலோகம்

*

25.4.2024

மாமாவுக்கு. நான் சுகம். அம்மா சுகமா?

இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. கதை வேண்டாம். உல்லாஸ்நகர் போய் வாருங்கள்.

மாரி

*

தாராவி,
13.5.2024

செல்ல மருமகனே, இந்தக் கடிதம் உனக்கு மருந்து மாதிரி. இதை வாசித்தால் எந்த நோயும் கிட்டே வராது. உன் அம்மாவும் நானும் உன் நினைப்பிலேயே நலமாக இருக்கிறோம்.

சொன்ன சொல் தவறாதவன் பூலோகம். போன ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகர் போய் வந்துவிட்டேன். ரயிலில் அந்தக் கூட்டத்திலும் என்னைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பட்டறையைக் கண்டுபிடித்து உள்ளே போனால், நம் ஆள் முழங்கை வரைக்கும் நீலச் சாயத்தோடு நிற்கிறான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "மாமா!" என்றான். அப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போனான். ஒற்றை அறைதான், ஆனால் சுத்தம். நாற்காலியைப் போட்டு, விசிறியை என் பக்கம் திருப்பினான். ஜெனி நெத்திலிக் குழம்பு வைத்தாள். "மாமா, இன்னுங்கொஞ்சம் ஊத்தட்டா? ஒங்க வீட்டு ருசி வருமான்னு தெரியல" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாள். பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

உன் பேரைச் சொன்னதும் சேசு அழுதான். குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் சொன்னேன்: "டே சேசு, ஜூன் பதினாலு. காலைல பத்தரை. நீ வந்தாத்தான் மாரி பொழப்பான்." அவன் பிள்ளையின் தலையில் கை வைத்து, "மாமா, மாரிக்காக உசுரையும் குடுப்பேன். கட்டாயம் வாறேன்" என்றான். சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து, பதினாலைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டான். நான் கண்ணால் பார்த்தேன்.

நீ கேட்டபடி ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கதையிலும் நீலன் வந்துவிட்டான் மாரி. ஒன்பதாம் அத்தியாயம். குகை வாசலில் கேடயத்தோடு நிற்கிறான். வெளிச்சம் அதில் பட்டு உள்ளே அடிக்கிறது. உன் ஜனங்களுக்குச் சொல்லு.

மாமா பூலோகம்

*

30.5.2024

என் அன்பான மாமாவுக்கு. நீங்கள் எழுதியபடியே உடம்பில் ஒரு நோயும் இல்லை. நீங்களும் அம்மாவும் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

நீலன் வந்துவிட்டான் என்று சொன்னதும் பாரக்கே எழுந்து கை தட்டியது. நயினார் அண்ணன், "நான் சொன்னம்லா" என்று எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

நேற்று சுஷ்மா மேடம் வந்தார்கள். "பேரைச் சொல்லிவிடு, நான் எழுதித் தருகிறேன், இதுதான் கடைசி வாய்ப்பு" என்றார்கள். வேண்டாம், அவனே வருகிறான் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். என் மாமா நேரில் போய்க் கேட்டு வந்தார் என்றேன். அவர்கள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

உங்களைக் கேலி செய்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

மாரி

*

12.7.2024

மாமாவுக்கு மாரீஸ்வரன். உடம்பு இருக்கிறது. அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லுங்கள்.

பதினாலாம் தேதி ஒன்பது மணிக்கே என்னைக் கொண்டுபோய்விட்டார்கள். கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு. அங்கிருந்து படிக்கட்டு தெரியும். ஒவ்வொரு தலையாக ஏறி வரும். நீலச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் அவன் மாதிரியே இருந்தார்கள். பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். மேடம் கொஞ்சம் நேரம் கேட்டார்கள். பன்னிரண்டுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி கேட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜட்ஜ், "சாட்சி இருக்கிறானா, இல்லையா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

ஒன்பதாம் தேதி தீர்ப்பு. மூன்று வருஷம்.

மேல்கோர்ட்டில் மனு போடலாம், இப்போதாவது பேரைச் சொல் என்கிறார்கள் மேடம். சொல்வதற்கு முன்னால் உங்களை ஒன்று கேட்க வேண்டும். தேதியை அவனிடம் சரியாகச் சொன்னீர்களா? ஜூலை என்று காதில் விழுந்திருக்குமா? உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை தலையில் கை வைத்தவன் வராமல் இருக்க மாட்டான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது.

மாரி

*

தாராவி,
3.8.2024

அன்பு மருமகனுக்கு. இங்கே மழை, ரூமுக்குள் முழங்கால் தண்ணீர். உன் அம்மா கட்டிலில் இருக்கிறாள், காய்ச்சல் இல்லை. உனக்கும் காய்ச்சல் வராமல் இருக்கட்டும்.

அந்தப் பயல் இப்படிச் செய்வான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. அவன் சிரிப்பைக் கவனித்தாயா? கண் சிரிக்காது. உன் மனசு நோகக் கூடாதே என்றுதான் எழுதவில்லை.

தேதியா? ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். ஜெனியிடமும் சொன்னேன். பட்டறை முதலாளியையே கூப்பிட்டு, "அன்னைக்கு இவனுக்கு லீவு குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நெஞ்சில் ஈரம் இல்லாதவன். நீ இன்னும் எதற்கு யோசிக்கிறாய்? பேரைச் சொல்லு. போலீஸ் போய் அள்ளிக்கொண்டு வரட்டும். நம் வக்கீலம்மாவிடம் நானே பேசுகிறேன், எனக்குச் சட்டத்தில் இரண்டு விஷயம் தெரியும்.

டிராகன் செத்தது. செங்கோடன் வென்றான். மற்றதை நேரில் சொல்கிறேன்.

மாமா பூலோகம்

*

6.10.2024

மாமாவுக்கு.

நான் பேரைச் சொன்னேன். போன மாதம் உல்லாஸ்நகர் போய் சேசுராஜைப் பிடித்துவிட்டார்கள். இப்போது இங்கேதான் இருக்கிறான், மூன்றாம் பாரக்கில். அவன் குழந்தைக்கு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. அந்தக் காண்டிராக்டர் எங்கேயோ போய்விட்டானாம். இப்போது சேசு சொல்வதை யாரும் நம்பவில்லை.

வியாழக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். நேராகப் போய் அடித்தேன். உதடு கிழிந்துவிட்டது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. சட்டைக் கையால் ரத்தத்தைத் துடைத்தான். பிறகு கேட்டான்:

"நீ ஊர்லதான மாரி இருந்த? இங்க எப்படில வந்த?"

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று அவனிடம் நான் விசாரிக்கவில்லை. நயினார் அண்ணன் எங்கள் இருவரையும் பிரித்துவிட்டார். எனக்கும் அதை அவன் வாயால் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதுங்கள்.

ஐந்தாம் பாகம் கேட்டவர்களிடம், அப்படி ஒன்று அச்சாகவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மாரீஸ்வரன்

*

தாராவி,
19.1.2025

மாரீஸ்வரனுக்குப் பூலோகம் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மூன்றரை மாதமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கும்போது, 'எல்லாம் சுகம்' என்று வாசித்துவிட்டேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, அடுத்த வீட்டு மானசாவிடம் அதைக் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் எனக்குச் சோறு போடுவதில்லை, பேசுவதும் இல்லை. ஏஞ்சலம்மாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு வருகிறாள். நான் சுற்றி அந்தப் பக்கமாகப் போகிறேன்.

நான் உல்லாஸ்நகர் போனது நிஜம். சாயம் பிடித்த கை நிஜம். நாற்காலி, விசிறி, நெத்திலிக் குழம்பு, என் விரலைப் பிடித்த பிள்ளை, எல்லாம் நிஜம். சேசு அழுததும் நிஜம். அவன் எப்போது அழுதான் என்பதைத்தான் மாற்றி எழுதினேன்.

நான் உட்கார்ந்ததும் அவன்தான் முதலில் கேட்டான். "மாரி எப்படி இருக்கான் மாமா? பிள்ளை பொறக்கட்டும், பெறகு நானே போயி எல்லாத்தையும் சொல்லிருதேன்னு ஜெனிட்ட சொல்லிருந்தேன். இப்ப பொறந்துட்டு. எங்க போயி, யார்ட்ட சொல்லணும்னு தெரியல. நீங்க பெரிய ஆளு, ஒங்களுக்குத் தெரியும். என்னைக் கூட்டிட்டுப் போறியளா?"

ஜெனி பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை மாரி. பட்டறையில் பசை தடவுகிறவனை யார் பார்ப்பார்கள்? நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னேன்: "நீ எதுக்குடே போணும்? அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். பேச வேண்டிய ஆள்ட்ட பேசி மாரிய வெளிய எடுத்தாச்சு. ஊர்ல போயி இருடேன்னு அனுப்பிட்டேன். நீ தொழிலப் பாரு."

அப்போதுதான் அவன் அழுதான். என் காலில் விழுந்தான். ஜெனியும் விழுந்தாள். குழம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

ரயிலில் வரும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சயான் வந்து இறங்கும்போதும் அதே நினைப்புத்தான். அடுத்த ஞாயிறும் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். அவன் என்னைப் பார்க்கப்போகிற முகத்தை நினைத்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவன் பேரைச் சொல்லச் சொல்லி உனக்கு எழுதினேனே, அன்றைக்கும் இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் எழுதினேன்.

வக்கீலம்மாவிடம் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை ஜூனில் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்கள்.

சேசுவிடம் நீ சொல்லு. அவன் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை. பதினாலாம் தேதி என்று நான் அவனிடம் சொன்னதாக எழுதினேன் அல்லவா? அதை நான் சொல்லவே இல்லை.

பூலோகம்